யாழ்ப்பாணத்துக் கிணற்றுத் தண்ணீரும் மூன்று ஆவிக் கருவிகளும்

மேசையில் வைத்து வேது பிடிக்கிற மின்கருவி வாங்குபவர்கள் பெரும்பாலும் பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண்ணையும் விலையையும் பார்த்துத்தான் எடுக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் அந்த இரண்டும் அவ்வளவு உதவாது. இங்கே ஒரு ஆவிக் கருவி எத்தனை மாரி தாங்கும், கைக்கு எவ்வளவு பாதுகாப்பாக இருக்கும் என்பதையெல்லாம் எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் தீர்மானிக்கிறது. கடையில் கிடைக்கிற மூன்று வகைகளையும் எடுத்து, திறக்க முடிந்ததைக் கழற்றி, அளந்து, ஒன்றைத் திருத்தி, இன்னொன்றில் இலைக்கூடை பொருத்திப் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. கொம்பனிப் பெயர்களை எழுதவில்லை. ஒரே அச்சில் வார்த்த கருவி வேறு வேறு பெயர்களில் வருகிறது, பெயரைவிட உள்ளே இருப்பதுதான் முக்கியம்.

பானையை ஏன் விட வேண்டும் என்று கேட்பார்கள். நொச்சி, தேசி இலை, ஆடாதோடை, பாவட்டை எல்லாம் போட்டு அவித்து, போர்வையால் மூடி வேது பிடிப்பதில் கிடைக்கிற ஆவியை எந்த மின்கருவியும் தராது. ஆனால் கொதிக்கிற பானை கவிழ்ந்தால் தொடை, வயிறு, கால் எல்லாம் வெந்துபோகும். எங்கள் வீட்டில் அம்மாவுக்குக் கை நடுக்கம். பானையைத் தூக்கி வைக்கவும் முடியாது, குனிந்தபடி இருக்கவும் முடியாது. அதனால்தான் நான் கருவிகளைத் தேடத் தொடங்கினேன்.

முதலாவது, எல்லாவற்றிலும் மலிவானது. ஒரு பிளாஸ்ரிக் கிண்ணம், அதற்கு ஒரு மூடி, மூடியிலிருந்து தண்ணீருக்குள் இறங்குகிற இரண்டு உலோகத் தகடுகள். இதில் சூடாகிற கம்பிச்சுருள் என்று எதுவும் இல்லை. கறண்ட் ஒரு தகட்டிலிருந்து மற்றத் தகட்டுக்குத் தண்ணீர் வழியாகவே ஓடுகிறது. தண்ணீர்தான் தடை, தண்ணீர்தான் அடுப்பு. தண்ணீரில் உப்புகள் கரைந்திருந்தால்தான் கறண்ட் ஓடும். அதனால்தான் இந்த வகைக் கருவியின் தாளில் 'ஆவி குறைந்தால் ஒரு சிட்டிகை உப்புப் போடவும்' என்று எழுதியிருப்பார்கள். நல்ல தண்ணீர் உள்ள ஊர்களுக்கு அது சரி. யாழ்ப்பாணத்தில் அதைச் செய்யவே கூடாது.

குடாநாட்டின் அடியில் இருப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். மழைத் தண்ணீர் அதற்குள் இறங்கித் தங்குகிறது, கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. அந்த நன்னீருக்குக் கீழே கடலின் உவர்நீர். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவரும் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். மற்ற இடங்களிலும் மேலே மிதக்கிற நன்னீர் எவ்வளவு தடிப்பு என்பதில்தான் வித்தியாசம். மாரி முடிந்த கையோடு கிணறு நிறைந்திருக்கும்போது தண்ணீர் இனிக்கும். ஆவணி, புரட்டாதியில் அதே கிணறு கரிக்கத் தொடங்கும்.

இந்த வித்தியாசம் கருவியில் அப்படியே தெரிகிறது. பிளக்குக்கும் சுவருக்கும் இடையில் ஒரு வாட் மீற்றரைப் போட்டுப் பார்த்தேன். பீலியில் பிடித்த மழைத் தண்ணீரில் மீற்றர் முள் அசைந்தது என்றுகூடச் சொல்ல முடியாது, ஆவியும் வரவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் 250 வாட் அளவில் தொடங்கி, கொதி வந்ததும் இன்னும் ஏறியது. தண்ணீர் சூடாகும்போது கறண்டை இன்னும் இலகுவாகக் கடத்தும், அதனால் அந்த ஏற்றம். கரையோரத்தில் இருக்கும் மாமா வீட்டிலிருந்து கொண்டுவந்த உவர்த் தண்ணீரை ஊற்றியபோது 700 வாட்டைத் தாண்டியது. உள்ளே கஞ்சி பொங்குகிற மாதிரிப் பொங்கி, ஆவி வாயால் கொதிநீரே தெறித்தது. உடனே சுவிட்சை நிறுத்தினேன். அதே கருவி, அதே பிளக். தண்ணீர் மட்டும்தான் மாறியது. முகத்தை அதற்கு நேரே வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. இந்தக் கருவி வேலை செய்துகொண்டிருக்கும்போது கிண்ணத்துத் தண்ணீர் முழுவதும் 230 வோல்ட் மின்னோடு தொடர்பில் இருக்கிறது. நான் கழற்றியதில் மூடி திறந்தால் மின் தானாகத் துண்டிக்கப்படும் அமைப்பு எதுவும் இல்லை. மூடியைக் கொஞ்சம் சரித்து 'தண்ணி காணுமோ' என்று விரலை வைத்தால் போதும். எர்த் வயரும் கிடையாது, இரண்டு உருண்டை முனைப் பிளக்தான். அதை 13 அம்பியர்ச் சதுர முனைச் சொக்கற்றில் செருக, மேலே உள்ள எர்த் துளைக்குள் ஒரு பேனையையோ ஈர்க்கையோ குத்தித் திறக்கிற பழக்கம் எங்கள் பல வீடுகளில் இருக்கிறது. இந்தக் கருவியோடு அந்தப் பழக்கம் சேர்ந்தால், கடைசிக் காவலாக வீட்டின் ட்ரிப் சுவிட்ச் மட்டும்தான் மிஞ்சும். 30 மில்லி அம்பியர்க் கசிவில் விழ வேண்டிய அந்தச் சுவிட்சைச் சோதனைப் பொத்தானால் எத்தனை பேர் அழுத்திப் பார்க்கிறார்கள்? தயவுசெய்து இன்றைக்கே அழுத்திப் பாருங்கள்.

கட்டுமானம் என்று பார்த்தால் பிளாஸ்ரிக் மெல்லியது, தகடுகளைப் பிடிக்கிற ஆணிகளில் ஏற்கெனவே துரு. துரு கரைவது நாங்கள் கொதிக்க வைக்கிற தண்ணீருக்குள். மலிவு என்பதைத் தவிர இதற்கு வேறு நல்ல சொல் என்னிடம் இல்லை. இதை எங்கள் வீட்டில் இனி வைத்திருக்க மாட்டேன், வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டேன்.

இரண்டாவது கருவி இதைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு விலை. இதில் தண்ணீர் ஒரு எவர்சில்வர்ச் சட்டியில் நிற்கிறது, சட்டியின் அடியில் ஒட்டிய தகடு சூடாகிறது. தண்ணீரும் கறண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. மூன்று கம்பி வயர், சதுர முனைப் பிளக். இது எனக்குக் கிடைத்தது பழுதாகித்தான். அன்ரி ஒருவர் 'சூடே ஏறுதில்லை, எறியப் போறன், வேணுமெண்டா எடு தம்பி' என்று தந்தார்.

பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு மல்டிமீற்றரால் அதன் உயிர் முனைக்கும் நடுநிலை முனைக்கும் இடையில் தடையைப் பார்த்தேன். திறந்த சுற்று, அதாவது உள்ளே எங்கோ இணைப்பு அறுந்திருக்கிறது. 300 வாட் கருவிக்கு 230 வோல்ட்டில் 176 ஓம் அளவு காட்ட வேண்டும். வோல்ட்டை வோல்ட்டால் பெருக்கி வாட்டால் வகுத்தால் அந்தக் கணக்கு வரும். அடி மூடியைத் திறந்து சூடாக்கும் தகட்டை மட்டும் தனியே பார்த்தபோது 180 ஓம். ஆக, தகடு நல்ல நிலையில் இருக்கிறது. வட்டமான சின்னத் தேர்மோஸ்ராற்றும் சரியாக இருந்தது. வெள்ளை உறைக்குள் மறைந்திருந்த தேர்மல் பியூஸ்தான் போயிருந்தது.

தேர்மோஸ்ராற் சூடு கூடினால் துண்டிக்கும், ஆறினால் திரும்ப இணைக்கும். தேர்மல் பியூஸ் அப்படியில்லை, ஒரு தடவை போனால் போனதுதான். அதை நேர்வயர் போட்டுக் கடத்திவிடுகிற ஆட்கள் உண்டு. அடுத்த தடவை தண்ணீர் வற்றும்போது அந்த வீட்டில் பிளாஸ்ரிக் உருகும், அதற்கு மேலும் நடக்கலாம். அதனால் சரியான பியூஸைத் தேடி நகரத்துக்குப் போனேன். கடையில், 'அண்ணை, தேர்மல் பியூஸ் இருக்கோ?' என்று கேட்டேன். அவர் திருப்பிக் கேட்டது, 'எத்தனை பாகை, எத்தனை அம்பியர்? பழசைக் கொண்டந்தனீரோ?' இந்தக் கேள்வியைக் கேட்கிற கடைக்காரரை விட்டுவிடாதீர்கள். பியூஸின் உடம்பில் பாகையும் அம்பியரும் பொறித்திருக்கும். இரண்டும் பழையதோடு பொருந்த வேண்டும். பாகை கூடியதைப் போட்டால் காவல் தாமதமாகும்.

பொருத்தும்போது ஈயம் வைத்துச் சோல்டர் பண்ணக் கூடாது. சோல்டர் அயனின் சூட்டிலேயே புதிய பியூஸ் போய்விடலாம். அந்த இடம் வேலை நேரத்தில் சூடாகிற இடம், ஈயம் இளகி விடவும் கூடும். உலோகக் குழாய்த் துண்டுக்குள் இரண்டு கம்பியையும் விட்டு நெரிகுறடால் இறுக்கினேன். பழைய கண்ணாடி நார் உறையைத் திரும்ப மேலே ஏற்றினேன். சாதாரண இன்சுலேசன் ரேப் அந்தச் சூட்டுக்கு நில்லாது.

ஆனால் பியூஸ் ஏன் போனது என்று பார்க்காமல் மூடினால் அது திருத்தமே இல்லை. சட்டியின் அடியைத் தட்டிப் பார்த்தேன். மங்கிய வெள்ளைப் படை, ஓரங்களில் செதிலாக எழும்பியிருந்தது. சுண்ணக்கல் கரைந்த தண்ணீர் கொதிக்கும்போது காபனீரொட்சைட்டு வெளியேறி, கல்சியம் காபனேற்றுத் திரும்பக் கல்லாகவே படிகிறது. அந்தப் படை வெப்பத்தை மோசமாகத்தான் கடத்தும். தண்ணீருக்குப் போக வேண்டிய சூடு தகட்டிலேயே தேங்குகிறது, பியூஸ் அதைத் தாங்காமல் போகிறது. இந்தக் கருவியைக் கொன்றது எங்கள் கிணறுதான். தேசிக்காய்ப் புளியைத் தண்ணீரோடு கலந்து சட்டியில் விட்டு இளஞ்சூடாக்கி வைத்தேன். நுரைத்து நுரைத்துப் படை கழன்றது. சித்திரிக் அமிலம் செய்கிற வேலை அது, வினாகிரியாலும் நடக்கும், மணம்தான் கொஞ்சம் நிற்கும். கத்தியால் சுரண்ட வேண்டாம். சுரண்டின கீறலில் அடுத்த படை இன்னும் விரைவாகப் பிடிக்கும்.

மூடுவதற்கு முன் இரண்டு சோதனை. பிளக்கின் எர்த் முனைக்கும் எவர்சில்வர்ச் சட்டிக்கும் இடையில் தடை ஒரு ஓமுக்கும் குறைவாக இருக்க வேண்டும். இதில் எர்த் வயரின் ஆணி தளர்ந்திருந்தது, பல் வாசர் போட்டு இறுக்கினேன். அடுத்தது, உயிர் முனைக்கும் சட்டிக்கும் இடையில் மீற்றர் திறந்த சுற்றைக் காட்ட வேண்டும். மல்டிமீற்றர் இதற்கு முழு உத்தரவாதம் இல்லை, எலெக்ரீசியனிடம் 500 வோல்ட் இன்சுலேசன் சோதனைக் கருவி இருந்தால் அதாலும் பார்ப்பது நல்லது. கடைசியாக, பிளக்குக்குள் இருந்த 13 அம்பியர் பியூஸை எடுத்துவிட்டு 3 அம்பியர் போட்டேன். 300 வாட் கருவி இழுப்பது 1.3 அம்பியர்தான். அதற்கு 13 அம்பியர் பியூஸ் வைத்தால் வயருக்குப் போதிய காவல் இல்லை.

இந்த வகையிலேயே சூடாக்கும் கம்பிக்குப் பதில் பி.டி.சி. என்ற பீங்கான் வில்லை வைத்ததும் வருகிறது. பேரியம் தைற்றனேற்றுப் பீங்கான் அது. குறிப்பிட்ட சூட்டுக்கு மேல் அதன் தடை திடீரென்று ஏறும், கறண்ட் தானாகவே குறையும். தண்ணீர் வற்றினாலும் சிவக்கச் சூடாகாது. கிடைத்தால் அதையே வாங்குங்கள். அதில் மட்டும் மேலே சொன்ன 176 ஓம் கணக்குச் சரிவராது, ஆறிய நிலையில் வேறு எண் காட்டும்.

பெட்டிகளில் 'அதிக ஆவி' என்று போட்டிருப்பதைச் சமையல் தராசால் சோதிக்கலாம். கொதிக்கிற தண்ணீர் ஒரு கிராம் ஆவியாக ஏறக்குறைய 2257 யூல் வெப்பம் வேண்டும். 300 வாட் கருவி ஒரு நிமிடத்தில் தருவது 18,000 யூல். ஆகவே நிமிடத்துக்கு 8 கிராமுக்கு மேல் ஆவி வர வழியே இல்லை, யார் என்ன எழுதினாலும். திருத்தின கருவியைக் கொதி வந்த பிறகு நிறுத்துப் பார்த்தால் நிமிடத்துக்கு 6 கிராமுக்குக் கொஞ்சம் மேல் குறைந்தது. மிச்சச் சூடு சுவராலும் மூடியாலும் போகிறது. இது நல்ல கட்டுமானம் என்றே சொல்வேன். 30 பாகைத் தண்ணீர் 100 மில்லியைக் கொதிக்க வைக்க ஒன்றரை நிமிடத்துக்கு மேல் எடுக்கும், அதனால் 'போட்டவுடன் ஆவி' என்பதை நம்பத் தேவையில்லை.

மூன்றாவது, முக அழகுக்கென்று விற்கிற வெள்ளை நிறக் கருவி. எல்லாவற்றிலும் விலை கூடியது, பார்க்கவும் வடிவானது. மூடி பொருந்துகிற விதம், சுவிட்ச் அழுத்தம், வயர் உள்ளே போகிற இடத்தில் ரப்பர்ப் பிடிப்பு, எல்லாம் மற்ற இரண்டையும் விட நேர்த்தி. ஆனால் தண்ணீர்த் தொட்டி 80 மில்லிதான், சூடாகிற வழி பென்சில் நுனி அகலம்கூட இல்லை. எங்கள் தண்ணீர் அதைச் சில வாரங்களில் அடைத்துவிடும். கரைந்த உப்புகளை நீக்கிய போத்தல் தண்ணீர் மட்டும் ஊற்றினால் நல்லாகப் போகும். பற்றரிக்கு ஊற்றுகிற தண்ணீரை இதில் ஊற்றாதீர்கள், அது மூச்சுக்கென்று நிரப்பியது இல்லை. இலையோ தைலமோ இதில் சேர்க்கவே இடமில்லை. வேது பிடிக்க நினைப்பவருக்கு இது கொடுத்த காசுக்குச் சரிவராது. ஆணிகளை மறைத்து ஒட்டியிருப்பதால் உடைக்காமல் திறக்கவும் முடியவில்லை. திருத்த முடியாத பொருளுக்குக் கூடிய விலை கொடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை. 2022 இல் பல இறக்குமதிகள் நின்ற காலத்தில், வீட்டில் இருந்ததைத் திருத்தி ஓட்டினவர்கள்தான் சமாளித்தார்கள்.

இனி இலைக்கூடை. எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

இலையைத் தண்ணீர்ச் சட்டிக்குள் போடுவதுதான் எல்லோரும் செய்வது. இலைச் சாறு தண்ணீரை நுரைக்க வைக்கும், நுரை கொதிநீரை வாய் வழியாகத் தூக்கி எறியும். நார் அடியில் ஒட்டிக் கருகும். முதல் வகைக் கருவியில் இலையின் உப்புகளும் சேர்ந்து கறண்ட் இன்னும் கூடும். மஞ்சள் தூள் போட்டால் கறை மட்டும்தான் மிச்சம், அதன் நிறம் தரும் குர்குமின் ஆவியில் ஏறாது. உப்பும் ஏறாது. ஆவியோடு வருவது இலையின் எண்ணெய்தான். யூக்கலிப்டஸ் எண்ணெயின் முக்கியச் சரக்கான சினியோலின் கொதிநிலை 176 பாகை, ஆனாலும் நீராவி அதன் மேல் போகும்போது 100 பாகைக்குள்ளேயே கூட ஏறி வந்துவிடும். தைலம் வடிப்பவர்கள் செய்வது இதைத்தான். அப்படியானால் இலை இருக்க வேண்டிய இடம் தண்ணீர் இல்லை, ஆவி போகிற வழி.

இரண்டாவது கருவியின் முகமூடிக் குவளைக்கும் சட்டி மூடிக்கும் இடையில் மூன்று விரல் உயரத்துக்கு இடம் இருந்தது. எவர்சில்வர்த் தேநீர் வடியின் கைப்பிடியை அறுத்து, விளிம்பை அந்த இடத்துக்கு ஏற்ற வட்டமாகத் தட்டி, மூன்று காது வளைத்து அதில் உட்கார வைத்தேன். அறுத்த விளிம்பை அரம் போட்டு மழுக்கினேன். கூடையில் பாதிக்கு மேல் இலை வைப்பதில்லை. ஆவி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறி மூடியைத் தள்ளும், அதற்கு இடம் கொடுக்கக் கூடாது. நொச்சியைக் கையால் கசக்கி, தேசி இலையைக் கிழித்து, கொஞ்சம் துளசியோடு தளர்வாக வைத்தால் முதல் ஐந்து நிமிடத்துக்கு மணம் மூக்கில் ஏறும். பிறகு வெறும் ஆவிதான், இலையை மாற்ற வேண்டும். சட்டிக்குள் போட்டபோது இருந்ததைவிட மணம் தெளிவு, பச்சை அவியல் வாடை இல்லை. 'இப்பதான்ரா பானையில பிடிச்ச மாதிரி இருக்கு' என்று அம்மா சொன்னார். சட்டிக்குள் வெறும் தண்ணீர் மட்டும் என்பதால் கழுவுவதும் இலகு.

போத்தல் தைலம் விடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது பிளாஸ்ரிக். இந்த எண்ணெய்கள் சில பிளாஸ்ரிக்குகளைக் கரைக்கும். பளபளவென்று கண்ணாடித் தோற்றத்தில் இருக்கிற பொலிஸ்ரைரீன் அதில் முதலாவது, நாளடைவில் மயிரிழை வெடிப்பு விழும். அடியைத் திருப்பிப் பாருங்கள், முக்கோணத்துக்குள் 5 என்று இருந்தால் அது பொலிபுரொப்பிலீன். கொதி தண்ணீருக்கு நிற்கும், எண்ணெய்க்கும் மற்றதைவிடத் தாக்குப்பிடிக்கும். எப்படியானாலும் தைலத்தைச் சட்டியில் விடாமல், கூடையில் ஒரு பஞ்சில் ஒரு துளி விட்டால் போதும்.

இந்த ஆவி காய்ச்சலையோ கிருமியையோ சுகப்படுத்தாது. 2020, 2021 இல் கொரோனாவுக்கென்று எத்தனையோ பேர் ஆவி பிடித்தார்கள், அதற்கு அது மருந்தாக இருக்கவில்லை. அடைத்த மூக்கு கொஞ்சம் இளகும், தொண்டைக்கு இதம் கிடைக்கும், அவ்வளவுதான். அந்த ஆறுதலுக்காகத்தான் அம்மா பிடிக்கிறார். ஆஸ்துமா உள்ளவருக்குக் கடும் மணம் இழுப்பை வரவழைக்கலாம். சின்னப் பிள்ளைகளுக்கு இதை வைக்கவே வேண்டாம். சூடான ஆவியாலும் கவிழ்ந்த தண்ணீராலும் வேகிறவர்களில் பிள்ளைகள்தான் அதிகம்.

கடையில் நிற்கும்போது பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். தண்ணீருக்குள் தகடு இறங்குகிறதா என்று முதலில் பாருங்கள், இறங்கினால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். பிளக்கில் மூன்று முனை இருக்கட்டும், மூன்றாவது முனை பிளாஸ்ரிக்காக இல்லாமல் பித்தளையாக இருக்கட்டும். பிளாஸ்ரிக் முனை என்றால் எர்த் இல்லை. அடியில் ஆணி தெரிய வேண்டும். சட்டிக்குள் கை விட்டு மூலை வரை துடைக்க முடிய வேண்டும். வயர் மேசை விளிம்பால் தொங்காத அளவு கட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு, கோடையில் கிழமைக்கு ஒரு தடவை தேசிக்காய், மாரியில் இரண்டு கிழமைக்கு ஒரு தடவை. உவர்க் கிணறு உள்ள வீடுகளில் குடிக்க வாங்குகிற தண்ணீரில் ஒரு கப் இதற்கும் ஊற்றுங்கள்.